வளைவுக்கு முன்னால்

அக்காவுக்குப் பின்னால் வண்டி ஓட்டி வந்தவர்கள் எல்லோரும் அவரைத் திட்டியிருக்கிறார்கள். பஸ் டிரைவர்கள், தண்ணீர் லாரிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், ஒருமுறை சைக்கிளில் வந்த போஸ்ட்மேன்கூட. காரணம் ஒன்றுதான். வளைவு இன்னும் தூரத்தில் இருக்கும்போதே அவர் பிரேக்கை மிதித்துவிடுவார். நேராகப் போகிற ரோட்டில் இந்த அம்மா எதற்கு மெதுவாகிறாள் என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. ஹாரனை அழுத்துவார். அவர் கையை எடுப்பதற்குள் அக்காவின் கிரீம் நிற பியட் வளைவுக்குள் நுழைந்து, வெளியேறி, அடுத்த நேர் ரோட்டில் சின்னதாகிக்கொண்டிருக்கும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு பத்திரிகையில் அவர் பெயரையும் வேறொரு பெண்ணின் படத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து அச்சில் வருவதென்றாலே அவருக்கு ஆகாது. இப்போது அவர் இல்லை. இருந்தாலும் அந்த வெறுப்பை மதிக்கலாம் என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் மாடம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். என் கணவருக்குக் கிண்டியில் வேலை. எனக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை வேலை. அக்கா அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். குடும்ப நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. அவர் கணவர் மெயின் ரோட்டில் செங்கல், மணல், சிமெண்ட் வியாபாரம் செய்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா. அவருக்கு நான் கடைசிவரை டீச்சர்தான்.

முதலில் பார்த்தது ஒரு மழை நாளில். சேலையூரில் மாவு அரைத்துக்கொண்டு, மூடியில்லாத தூக்கைப் புடவைத் தலைப்பால் மூடியபடி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பியட் வந்து நின்றது.

"மாடம்பாக்கம்தானே? ஏறு. மாவு நனையுது பாரு."

யார் எவர் என்று கேட்காமல் ஏறிவிட்டேன். தூக்கில் மாவு விளிம்புவரை இருந்தது. அந்த ரோட்டில் வளைவுகள் அதிகம். மடியில் கொட்டப்போகிறது என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் வளைவு வருவதற்கு வெகுமுன்பே வண்டி மெதுவானது. பின்னால் ஒரு பஸ் அலறியது. பிறகு வளைவு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. மாவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மெல்ல நிமிர்ந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நீங்க ரொம்ப மெதுவா, ஜாக்கிரதையா ஓட்டறீங்க" என்று பாராட்டாகவே சொன்னேன்.

"மெதுவாவா?" அக்கா எதிரே இருந்த வேகமானியைக் காட்டினார். "முள்ளு எங்க கீது, பாரு."

பார்த்தேன். தூக்கை மறுபடியும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கே வந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் போட்டிகளில் ஓட்டுகிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெண்களுக்கான ராலி ஒன்று வருகிறது, பக்கத்தில் உட்கார்ந்து வழி படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்.

"எனக்குக் காரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதேக்கா."

"கார எதுக்கு நீ பாக்கற? உங்க ஸ்கூல் செவுரு ஓரமா வந்துகினு இருந்தேன். நீ பாடம் எடுக்கறது ரோட்ல கேட்டுது. அந்த கொரலு போதும், எஞ்சின் சத்தத்துக்கு மேல கேக்கும்."

இப்படித்தான் நான் மோட்டார் பந்தயத்துக்குள் நுழைந்தேன். அங்கே வந்தவர்கள் யாரும் அதைத் தொழிலாகச் செய்யவில்லை. பல் டாக்டர், வக்கீல், பட்டறை முதலாளி, வங்கி அதிகாரி. வாரம் முழுக்க வேறு வேலை, ஞாயிறன்று வண்டலூர் தாண்டி ஒரு செம்மண் பொட்டல். ரப்பர் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக விட்டு, கையில் கடிகாரத்தோடு நேரம் பார்ப்பார்கள். அதில் ஓட்டுகிறவர் மட்டும்தான் வண்டியில் இருக்கலாம். நான் கயிற்றுக்கு வெளியே நின்று, அக்கா கழற்றிக் கொடுத்த மல்லிகைச் சரத்தை வைத்துக்கொண்டு பார்ப்பேன். புடவையோடு ஓட்டக்கூடாது என்பது விதி. அதனால் கணவரின் பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொள்வார். திரும்பும்போது ஊர் எல்லைக்கு முன்னால், மாமியாருக்காக, மறுபடியும் புடவை.

ஆண்கள் ஓட்டுவதைப் பார்க்க நன்றாக இருக்கும். கூம்பு வரைக்கும் முழு வேகத்தில் வந்து, கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்தி ஸ்டியரிங்கைத் திருப்புவார்கள். வண்டி பக்கவாட்டில் வழுக்கும், செம்மண் புகையாக எழும்பும், கூட்டம் கைதட்டும். அக்கா ஓட்டும்போது புழுதியே கிளம்பாது. நேராக வரும்போதே பிரேக்கை முடித்துவிடுவார். காலை மெல்ல எடுப்பார், திருப்புவார், பாதி வளைவிலேயே வண்டி மறுபடி வேகம் பிடித்துவிடும். யாரும் கைதட்ட மாட்டார்கள். நேரத்தைப் படிக்கும்போது மட்டும் ஒரு நிமிடம் பேச்சு நிற்கும்.

"எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"ஒரே டயரு. அதுகிட்ட நில்லுன்னும் சொல்ற, திரும்புன்னும் சொல்ற. ரெண்டையும் ஒரே நேரத்துல சொன்னா இன்னா பண்ணும் அது? மொதல்ல நில்லுன்னு சொல்லு. அது முடிச்சப்புறம் திரும்புன்னு சொல்லு."

ஒருமுறை பெண்கள் பிரிவில் முதல் பரிசாக அவருக்குப் பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். ஆண்கள் பிரிவில் ஜெயித்தவர்களுக்கெல்லாம் ஹெல்மெட். அக்கா குக்கரைத் திறந்து பார்த்தார், மூடினார். ஆண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த பல் டாக்டரின் மனைவியிடம் நேராகப் போனார்.

"உங்க வூட்ல குக்கரு நல்லா கீதா?"

"கைப்பிடி ஒடஞ்சு போச்சுங்க" என்றார் அந்த அம்மா.

"அப்போ இத வச்சிக்கோ. எனக்கு அந்த ஹெல்மெட்ட குடு."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பரிசுகள் கை மாறிவிட்டன.

இந்த முன்கூட்டியே மிதிக்கிற பழக்கம் அவருக்குக் கூடவே பிறந்ததல்ல. கார் ஓட்டத் தொடங்கிய புதிதில் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அகரம்தென் போகிற வழியில் ஒரு வளைவுக்குள் வேகமாக நுழைந்திருக்கிறார். நடுவளைவில் பயம் வந்து பிரேக்கை மிதித்தாராம். வண்டி சுழன்று வயலில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. இரண்டு பேருக்கும் காயம் இல்லை. கணவர் சேற்றில் கண்ணாடியைத் தேடியெடுத்து, துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீ வண்டிய எடுத்துகினு வா, நான் நடந்தே போயிடறேன்" என்றாராம். அதற்குப் பிறகு அவர் அக்காவின் வண்டியில் ஏறவே இல்லை. தடுக்கவும் இல்லை. ஞாயிறு காலையில் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

அக்கா மறுநாளே அந்த வளைவுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டிய சித்தப்பா மகன் ஒருவர் கூட வந்து, எங்கே தப்பு நடந்தது என்று சொல்லியிருக்கிறார். அது மனதில் ஆணியடித்தது மாதிரி பதிந்துவிட்டது.

"பயப்படணும்னா நேர் ரோட்லயே பயந்து முடிச்சிடு, டீச்சர். வளைவுக்குள்ள பூந்தப்புறம் பயந்தா வண்டி நம்ம பேச்ச கேக்காது."

எனக்கு இதனால் நேரடியாகவே பலன் கிடைத்தது. ராலியில் வழிக்குறிப்பைப் படிக்கும்போது ஒருமுறை வலது என்பதற்குப் பதிலாக இடது என்று கத்திவிட்டேன். இடது பக்கம் ஒரு கிணறு. அக்கா ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்ததால் கிணற்றுச் சுவரைப் பார்த்துவிட்டு நிதானமாக வலது பக்கம் திரும்பினார். "அடுத்தது இன்னா, படி" என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

ஆனால் அந்தக் குணத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்த்தேன். அது பார்க்கச் சுலபமாக இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் கணவருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒருநாள் அரைநாள் பள்ளி முடிந்து ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தேன். அக்காவின் கார் ஓரமாக நின்றிருந்தது. அந்த வெயிலிலும் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே அவர் ஒரு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்தார்.

"பாத்துட்டியா. சரி, ஏறு."

"என்னக்கா ஆச்சு?"

"இன்னும் ஆவல. ஆவப்போவுது. டாக்டரு சொல்லிட்டாரு. வூட்ல அழுதா அந்த மனுசன் பாத்துடுவாரு. அதான் தெனம் இங்க வந்து அழுதுட்டுப் போறேன்."

பாட்டில் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார். வழியில் காய்கறி வாங்கினார். கடைக்காரரிடம் முருங்கைக்காய் முற்றல் என்று சண்டை போட்டார்.

கணவர் போன அன்று அக்கா அழவில்லை. ஷாமியானா கயிறு இறுகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். வந்தவர்களுக்கு மோர் போயிற்றா என்று கேட்டார். காட்டுக்குப் போகிறவர்களுக்கு வண்டி சொல்லி அனுப்பினார். மூத்த நாத்தனார் கூட்டத்துக்குக் கேட்கும்படி, "கண்ல ஒரு சொட்டு வருதா பாரு. கல்லு" என்றார். நான் பதில் சொல்ல எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். "வுடு."

உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கும் உறுத்தியது. ஏரிக்கரையில் பார்த்திராவிட்டால் நானும் அந்த நாத்தனார் பக்கம்தான் நின்றிருப்பேன். பார்த்திருந்தும்கூட, அந்தக் காய்ந்த கண்களை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அழுவதற்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பரிசோதனை முடிவு வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். என் அம்மா, கணவர், தலைமையாசிரியை எல்லோரும் சொன்னது ஒன்றுதான். ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு. நானும் தைரியமாக இருந்தேன். சமைத்தேன், விடைத்தாள் திருத்தினேன், ஆறாம் வகுப்பு படித்த மகளுக்குச் சீருடை தேய்த்து வைத்தேன்.

அக்கா வந்து வாசலிலேயே நின்றார்.

"எப்போ ஆபரேசன்?"

"வர்ற வெள்ளிக்கிழமைக்கா."

"பயந்தியா?"

"இல்லக்கா. எல்லாரும் தைரியமா இருக்கச் சொல்றாங்க."

"அவங்க சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமை அந்த டேபிள்ள படுத்தப்புறம் பயந்துகினு கெடப்பியா? வா, வண்டில ஏறு."

ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணாடிகளை ஏற்றினார். "இப்போ சொல்லு. இன்னா இன்னா பயம் கீதோ, ஒண்ணு வுடாம சொல்லு."

என் மகளுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்று கேட்டேன். அதற்கப்புறம் நிற்கவில்லை. செத்துப்போவேனா. செத்துப்போகாவிட்டாலும் என் கணவர் என்னைப் பழையபடி பார்ப்பாரா. வகுப்பில் பெண்கள் என் ரவிக்கையையே பார்ப்பார்களா. மறுபடியும் வருமா. அது என் மகளுக்கும் வருமா. அக்கா எதற்கும் அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்லவில்லை. சிலவற்றுக்கு, "ஆமா, அதுவும் நடக்கலாம்" என்றார். கணவரைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "அத அவரையே கேளு. இன்னிக்கே கேளு" என்றார். பொழுது சாயும்வரை கத்தி அழுதேன். என் வாழ்நாளில் யாரும் எனக்கு அப்படி ஒரு இடம் கொடுத்ததில்லை.

அன்றே கணவரைக் கேட்டேன். அவரும் அழுதார். வெள்ளிக்கிழமை நான் ஸ்டிரெச்சர் வேண்டாம் என்று சொல்லி, நர்ஸோடு நடந்தே உள்ளே போனேன்.

புண் ஆறிவரும்போதே கதிர்வீச்சு தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாள் நகரத்துக்குப் போய்வர வேண்டும். மின்சார ரயிலில் நெரிசல். ஆட்டோ ஒவ்வொரு குழியிலும் உயிரை எடுத்தது. கணவருக்கு அத்தனை நாள் விடுப்பு கிடைக்கவில்லை. "நான் கீறேன் இல்ல?" என்றார் அக்கா. கடையை ஆட்களிடம் விட்டுவிட்டார். பந்தயத்துக்காகக் கழற்றியிருந்த பின்சீட்டைத் திரும்பப் பொருத்தினார், நான் களைத்தால் படுத்துக்கொள்வதற்கு. முன்சீட்டின் பெல்ட் தையலில் உரசாமல் இருக்க நடுவில் ஒரு சின்னத் தலையணையை வைத்தார்.

ஒருநாள் அவருக்கு ஏதோ பத்திர வேலை. வாடகைக் காரில் போனேன். நல்ல டிரைவர்தான், கவனமாகத்தான் ஓட்டினார். ஆனால் குரோம்பேட்டை சிக்னலில் நிறுத்தும்போது, எல்லோரும் நிறுத்துகிற மாதிரி, கடைசியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. உடம்பு முன்னால் போய்ப் பின்னால் வந்தது. தையல் கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். பல்லாவரத்தில் இன்னொன்று. விமான நிலையத்துக்கு எதிரே இன்னொன்று. அதுவரை அந்த ரோட்டில் இத்தனை சிக்னல்கள் இருப்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். தூரத்திலேயே பிரேக்கைத் தொட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். வண்டி நிற்கப்போகிற கடைசி நொடியில் காலை மெல்லத் தளர்த்தினார். குலுக்கல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஒரு கட்டத்தில் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

"பிரேக்க போடறது எல்லாருக்கும் வரும், டீச்சர். எடுக்கறதுதான் கஷ்டம்" என்றார், நான் பார்ப்பதைக் கவனித்து.

பின்னால் வழக்கம்போல ஹாரன்கள். ஒரு பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "யம்மா, லைசென்சு வாங்கிட்டியா?" என்று கத்தினார்.

"இன்னும் வரலப்பா" என்றார் அக்கா. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்காக மெதுவாகப் போகிறோம் என்று ஒருநாளும் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், எதிரே மாடு வருகிறது, லாரி வருகிறது என்று ஏதாவது சொல்லி மறித்துவிடுவார்.

கடைசி நாள் சிகிச்சை முடிந்து திரும்பியபோது, தாம்பரத்தில் இடது பக்கம் திரும்ப வேண்டியவர் நேராகப் போனார்.

"எங்கக்கா?"

"சும்மா. வூட்ல போயி இன்னா பண்ணப்போற?"

வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி, கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு பக்கமாகத் திருப்பினார். புதிதாக மனை பிரித்த இடம். சிமெண்ட் நுழைவு வளைவும் காகிதக் கொடிகளும் தாண்டி உள்ளே போனால், கறுப்புத் தார் ரோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, மனைக்கு நான்கு வெள்ளைக் கற்கள், ஒரு வீடுகூட இல்லை. ஒரு ஆளும் இல்லை. மாலை வெயில் ரோட்டின்மேல் படுத்திருந்தது.

"அக்கா, கூம்பு வச்சு ஓட்டுவீங்களே, அந்த மாதிரி ஓட்டுங்க. நான் உள்ள உக்காந்து பாத்ததே இல்ல."

"வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பெல்ட்டுக்கு அடியிலிருந்த தலையணையை உருவிப் பின்சீட்டில் போட்டார், பெல்ட்டை இழுத்து இறுக்கினார்.

முதல் நேர் ரோட்டிலேயே என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளைக் கற்கள் ஒரே கோடாகிப் பின்னால் ஓடின. ரோடு முடிகிற இடம் எங்களை நோக்கி வந்தது. அக்கா அப்போதும் சீக்கிரம்தான் மிதித்தார், ஆனால் அது நான் அறிந்த மிதி இல்லை. உடம்பு முழுவதும் பெல்ட்டில் தொங்கியது, மார்பில் நெருப்பு வைத்த மாதிரி வலித்தது. சட்டென்று அழுத்தம் விலகியது, ரோடு பக்கவாட்டில் சுழன்றது, அதற்குள் அடுத்த நேர் ரோட்டில் இருந்தோம். மறுபடியும். இடது, வலது, மறுபடி வலது. ஒருமுறைகூட டயர் கல்லைத் தொடவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது, கன்னம் வலிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. அக்காவும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எத்தனை சுற்று என்று தெரியாது. காக்கிச் சட்டை போட்ட ஒரு காவலாளி சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டே வந்து குறுக்கே நின்றதும் நிறுத்தினார்.

"இன்னாம்மா இது? பிளாட் பாக்க வந்தீங்களா, இல்ல ரோட்ட ஒடைக்க வந்தீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினார்.

அந்தக் கட்டியைத் தொட்ட நாளிலிருந்து நான் அடுத்த வாரத்துக்கு அப்பால் எதையும் நினைத்ததில்லை. பள்ளியில் அடுத்த வருடத்துக்குப் பாடத்திட்டம் கேட்டபோதுகூட வெற்றுத்தாளைத்தான் கொடுத்தேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"இங்க தண்ணி எப்படிங்க இருக்கும்?"

காவலாளியின் முகம் மாறியது. "தண்ணிக்கு இன்னாம்மா? கொஞ்ச ஆழத்துலயே கெடைக்குது. உப்பு கெடையாது. பம்பு அதோ கீது, வேணும்னா அடிச்சிக் குடிச்சிப் பாருங்க."

அக்கா எஞ்சினை அணைத்தார். நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கினேன்.